"வண்டிதான் ஓட்டியது, நான் ஓட்டவில்லை" என்றால் போலீஸ் விடுமா?

கேள்வி: வணக்கம் சார். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். எச்-1பி விசாவில் வேலை. போன வருடம் டெஸ்லா கார் வாங்கினேன், அதன் 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' வசதிக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறேன். போன மாதம் இங்கே பக்கத்தில் இருக்கும் டப்ளின் ஊரில் நண்பரின் பிறந்தநாள் விருந்தில் நான்கு பியர் குடித்தேன். ராத்திரி 11 மணிக்குக் கிளம்பும்போது, ஊபர் போட்டுப் போகலாம் என்றாள் மனைவி. அவளுக்கும் லைசென்ஸ் உண்டு, ஆனால் ஃப்ரீவே என்றால் பயம். "நானா ஓட்டப்போறேன்? வண்டிதானே ஓட்டப்போகுது" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பின் சீட்டில் 6 வயதுப் பையன் தூங்கிக்கொண்டு வந்தான். வீட்டு வாசல் வரை ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து மனைவி சரியாகப் பேசுவதில்லை. சட்டப்படி அன்றைக்கு வண்டி ஓட்டியது யார்? போலீஸ் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்காவது இடித்திருந்தால் கார் கம்பெனிதானே பொறுப்பு? நான் பின் சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தால் தப்பித்திருப்பேனா?

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வண்டி ஓட்டியது நீங்கள்தான். உங்கள் மனைவி சொன்னது சரி. ஊபர் போட்டிருக்க வேண்டும்.

நீங்கள் பணம் கட்டும் வசதியின் முழுப் பெயரைத் திரையில் ஒருமுறை படித்துப் பாருங்கள். 2024-இல் அந்தப் பெயருக்குப் பின்னால் 'சூப்பர்வைஸ்டு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். கண்காணிக்க ஒரு ஆள் வேண்டும் என்று அர்த்தம். தானியங்கி வண்டிகளை 0 முதல் 5 வரை படி பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கார் லெவல் 2. ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டாலும், ரோட்டைப் பார்ப்பதும் அது தப்புச் செய்யும்போது திருத்துவதும் டிரைவர் சீட்டில் இருப்பவரின் வேலை. முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சின்ன கேமரா உங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டு வருகிறதே, அது அதற்காகத்தான். கண் ரோட்டில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியும். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இந்த வாதம் ஒன்றும் புதிதில்லை. 1969-இல் நியூ ஜெர்சியில் வேகமாகப் போனதற்காகப் பிடிபட்ட ஒருவர், "குரூஸ் கண்ட்ரோல் (வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி) போட்டிருந்தேன், வேகத்தை அதுதான் கூட்டியது" என்றார். ஒரு கருவியிடம் வண்டியை ஒப்படைத்தவரும் ஓட்டுபவர்தான், கருவி சொதப்பினால் பொறுப்பு அவரை விட்டுப் போகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1977-இல் கன்சாஸிலும் இதே வாதம், இதே பதில். ஜெர்மனியில் 2017-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்காவிட்டாலும், தானியங்கி ஓட்டத்தை இயக்கிப் பயன்படுத்துபவர் ஓட்டுநர்தான்.

கலிபோர்னியாவில் நான் கோர்ட்டில் நின்று வாதாடக்கூடிய ஒரு இடம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1991-இல் இந்த மாநில உச்ச நீதிமன்றம் மெர்சர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. குடித்துவிட்டு, நிறுத்திவைத்த காரில் எஞ்சின் ஓட, ஸ்டியரிங் முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் அவர். வண்டி நகர்ந்ததற்கு ஆதாரம் இல்லை. 'ஓட்டினார்' என்று சொல்ல வண்டி அவருடைய விருப்பப்படி நகர்ந்திருக்க வேண்டும், கொஞ்சமாவது நகர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அரிசோனா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் நகரக்கூட வேண்டாம், வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். அந்த வகையில் கலிபோர்னியாவின் சட்டம் கொஞ்சம் இளகியது.

ஆனால் உங்களுக்கு அது உதவாது. நீங்கள் டப்ளினிலிருந்து ஃப்ரீமாண்ட் வரை சுமார் 20 மைல் நகர்ந்திருக்கிறீர்கள். போகவேண்டிய இடத்தைத் திரையில் போட்டது நீங்கள், கிளப்பியது நீங்கள். எங்கே வேண்டுமானாலும் பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கக்கூடியவரும் நீங்கள்தான். "விருப்பப்படி நகரவில்லை" என்று இதை வைத்துக்கொண்டு எந்த ஜூரியிடம் போய்ச் சொல்வது?

பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்கள். 2018 நவம்பர் 30, விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஊர்தான், ரெட்வுட் சிட்டி அருகே 101 ஃப்ரீவே. ஒரு டெஸ்லா 70 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஹைவே பேட்ரோல் போலீஸ் பக்கத்தில் வந்து பார்த்தால் டிரைவர் நல்ல தூக்கம். விளக்கைச் சுழற்றினார்கள், சைரன் போட்டார்கள். ஆள் அசையவில்லை. கடைசியில் பின்னால் வரும் வண்டிகளை ஒரு கார் தடுத்து நிறுத்த, இன்னொரு போலீஸ் கார் டெஸ்லாவுக்கு முன்னால் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தது. முன்னால் இருக்கும் வண்டியைப் பார்த்து டெஸ்லாவும் தன் வேகத்தைக் குறைத்தது. நிற்பதற்குள் ஏழு மைல் போய்விட்டது. ஜன்னலைத் தட்டி எழுப்பி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சந்தேகத்தின் பேரில் கைது செய்தார்கள். அதே வருட ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ பே பிரிட்ஜில் தன் டெஸ்லாவுக்குள் மயங்கிக் கிடந்த இன்னொருவர் எழுந்ததும் "ஆட்டோபைலட்டில் (டெஸ்லாவின் இன்னொரு தானியங்கி வசதி) போட்டிருக்கிறேன்" என்றார். அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எனக்கு நிறைய வருத்தம் உண்டு. என்னிடம் வந்த ஒருவரின் வழக்கில் போலீஸ்காரரின் உடல் கேமரா பதிவை என் அலுவலகத்தில் போட்டுப் பார்த்தோம். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. திரையில் அவர் கை நடுங்குகிறது, ஆனால் முகத்தில் ஒரு நம்பிக்கை. டாஷ்போர்டு பக்கம் விரலை நீட்டி, "நான் குடித்திருக்கிறேன், அதனால்தான் நான் ஓட்டவில்லை, அதை ஓட்ட விட்டேன்" என்கிறார். நேர்மையாகப் பேசுவதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அரசு வழக்கறிஞருக்கு வேண்டியது எல்லாம் அதில் வந்துவிட்டது. குடித்தது, தான் ஓட்டும் நிலையில் இல்லை என்று தெரிந்திருந்தது, தெரிந்தும் தானே வண்டியைக் கிளப்பியது. பதிவு முடிந்த பிறகும் அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் நிறுத்தினால் லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் மூன்றையும் மரியாதையாகக் கொடுங்கள். மற்றதை வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கைதுக்குப் பிறகு கேட்கும் ரத்த அல்லது மூச்சுப் பரிசோதனையை மட்டும் மறுக்காதீர்கள். முதல் முறை மறுத்தாலே லைசென்ஸ் ஒரு வருடம் போய்விடும்.

இங்கே வரம்பு 0.08 சதவீதம். நம் ஊரில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. அதைப் பார்த்துவிட்டு, இங்கே தாராளமாக விடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் பிரிவு 23152-இல் உங்களுக்குப் பொருந்தக்கூடிய இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. ஒன்றில்தான் 0.08 என்ற கணக்கு. மற்றதில் எண்ணே கிடையாது. போதையால் ஓட்டும் திறன் குறைந்திருந்தது என்று காட்டினாலே போதும். முதல் முறை தண்டனையே ஆறு மாதம் வரை சிறைக்குப் போகலாம். அபராதம், புரொபேஷன் (கோர்ட்டின் கண்காணிப்பில் வெளியே இருப்பது), குடித்து ஓட்டியவர்களுக்கான மாதக்கணக்கான வகுப்பு, எகிறும் இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். கைதான நாளிலிருந்து 10 நாளுக்குள் டிஎம்வியிடம் (லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகம்) விசாரணை கேட்காவிட்டால் லைசென்ஸ் ரத்து தானாக நடக்கும். அந்த 10 நாளைக் கோட்டை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டு தேதி அடுத்த மாதம்தானே என்று இருந்துவிடுகிறார்கள்.

அப்புறம் உங்கள் பையன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரி அதுதான். 14 வயதுக்குக் கீழ் ஒரு குழந்தை வண்டியில் இருந்தால், முதல் குற்றத்துக்கே கூடுதலாக 48 மணி நேரச் சிறை என்று தனிப்பிரிவு இருக்கிறது. குழந்தையை ஆபத்தில் விட்டதாக அதற்கு மேல் ஒரு வழக்கும் போட முடியும்.

விசா விஷயத்தை உங்களைப் போன்றவர்களிடம் நான் தனியாக உட்காரவைத்துச் சொல்வது வழக்கம். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கடந்த ஐந்து வருடத்துக்குள் ஒரு கைது இருந்தாலே, அமெரிக்கத் தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். 2015-இலிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. தீர்ப்பு வரும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை, வழக்கு பிற்பாடு தள்ளுபடியானாலும் கைது கைதுதான். ஒருநாள் இமெயில் வரும். இங்கே வேலையில் தொடரலாம், ஆனால் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போனால், திரும்ப வரப் புது விசா வேண்டும். அதற்கு முன் தூதரகம் சொல்லும் டாக்டரிடம் மதுப்பழக்கப் பரிசோதனை. சென்னையில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க, இங்கே வீட்டு வாடகையும் பையனின் பள்ளிக்கூடமும் காத்திருக்கும். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதைக் கேட்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டு தண்டனை இருந்தால் நன்னடத்தை இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று 2019-இல் அட்டர்னி ஜெனரல் முடிவு சொல்லியிருக்கிறார்.

இனி, இடித்திருந்தால் கம்பெனிதானே பொறுப்பு என்ற கேள்வி. இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கார்டினாவில், ஆட்டோபைலட்டில் வந்த டெஸ்லா ஃப்ரீவேயிலிருந்து இறங்கிச் சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு ஹோண்டா சிவிக்கை இடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்கு வழக்கு டிரைவர் மேல்தான். 2023-இல் அவருக்கு இரண்டு வருட புரொபேஷன். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் சோதனைக் கார் ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை இடித்துக் கொன்றது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த ஊழியர் மேல் கிரிமினல் வழக்கு, கம்பெனி மேல் இல்லை. அந்த ஊழியருக்கும் கடைசியில் மூன்று வருட புரொபேஷன். கிரிமினல் கோர்ட்டில் பார்த்தீர்களானால், வழி முழுக்க மனிதர் மேலேயே முடிகிறது.

நஷ்ட ஈட்டு வழக்கு வேறு மாதிரி. 2019 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில், ஆட்டோபைலட் போட்டிருந்த ஒருவர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தார். அவர் கால் ஆக்சிலரேட்டரில். ரோடு முடிந்த இடத்தில், ஓரமாக நின்ற வண்டியில் கார் மோதி, அங்கே நின்றிருந்த 22 வயதுப் பெண் இறந்துபோனார். 2025 ஆகஸ்டில் மியாமி ஜூரி பங்கு பிரித்தது. டிரைவருக்கு 67 சதவீதம், டெஸ்லாவுக்கு 33 சதவீதம். தண்டனை ஈடு (நஷ்டத்துக்கு மேல், தண்டனையாகப் போடும் தொகை) 20 கோடி டாலரையும் சேர்த்து, கம்பெனி கட்ட வேண்டியது சுமார் 24 கோடியே 30 லட்சம் டாலர் என்றார்கள்.

இந்தத் தீர்ப்பைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஒரு பொருளுக்கு 'முழுத் தானியங்கி' என்று பெயர் வைத்து விற்றுவிட்டு, விபத்து நடந்ததும் கையேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டுவது சரியில்லை. 2022-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கேட்டபோது, ஆட்டோபைலட் பயன்படுத்துபவர்களில் 42 சதவீதம் பேர் தங்கள் கார் தானே ஓட்டிக்கொள்ளும் என்பது போல நடந்துகொள்ள வசதியாக இருக்கிறது என்றார்கள். நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் ஒரே மாதிரி நினைத்தால், தப்பு அவர்களிடம் மட்டுமா இருக்கும்?

ஆனால் அந்த 67 சதவீதத்தையும் பாருங்கள். அது போனைத் தேடியவருக்கு. குடித்தவருக்கு ஜூரி என்ன பங்கு போடும் என்று யோசித்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் குடித்துவிட்டு இடித்தவரிடம் தண்டனை ஈடும் கேட்கலாம் என்று 1979-லிருந்து இருக்கிறது. அந்தத் தொகையை உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டக்கூடாது என்பதும் இங்கே சட்டம். வீட்டுக்கு முன்பணம் என்று நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் காசிலிருந்துதான் போகும். ஒருமுறை தண்டனை பெற்றவர் மறுபடி குடித்து ஓட்டி யாராவது இறந்தால், இந்த மாநிலத்தில் கொலை வழக்கே போட முடியும். கோர்ட்டில் முதல் முறையே இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

ஒன்றும் ஆகவில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்றைக்கு நீங்கள் வந்தது 680-இல், சுனோல் இறக்கம் வழியாக. 65 மைல் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 95 அடி போகிறது. வேலை நடக்கும் இடத்தில் கோடு சரியாகத் தெரியாமல் போய், கார் "நீ எடுத்துக்கொள்" என்று மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழித்துப் பார்த்து, புரிந்து, கையை வைக்க நான்கு பியருக்குப் பிறகு இரண்டு நொடி கூடுதலாக ஆனால், அதற்குள் 190 அடி. 20 மைலும் நன்றாக ஓட்டும் வண்டிக்கு உங்கள் உதவி தேவைப்படுவது அந்த 190 அடியில்தான். மதுவும் அந்த இரண்டு நொடியைத்தான் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

பின் சீட்டுக்கு வருவோம். உங்கள் காரில் அதை யோசிக்கவே வேண்டாம். 2021 மே மாதம் இதே பே ஏரியாவில் ஒருவர், டிரைவர் சீட் காலியாக இருக்க, டெஸ்லாவின் பின் சீட்டில் உட்கார்ந்து போய்ப் பிடிபட்டார். தாறுமாறாக ஓட்டியதாக வழக்கு. அவரையும் ஓட்டுநராகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் நினைக்கும் பின் சீட்டுப் பயணம் வேமோ மாதிரி டிரைவரே இல்லாத டாக்சியில் இருக்கிறது. அது லெவல் 4. அதற்கு உங்கள் கண்ணும் வேண்டாம், கையும் வேண்டாம். குடித்துவிட்டு அதில் ஏறினால் நீங்கள் வெறும் பயணி. அங்கே சட்டத்துக்கு வேறு தலைவலி. 2025 செப்டம்பரில் சான் புரூனோ போலீஸ், குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்க ராத்திரியில் நின்றிருந்தபோது, அவர்கள் கண்ணெதிரே ஒரு வேமோ கார் சட்டவிரோதமாக யூ-டர்ன் அடித்தது. நிறுத்திப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. யார் பெயரில் டிக்கெட் எழுதுவது? எழுதாமல் விட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் கம்பெனிக்கே நோட்டீஸ் கொடுக்க 2024-இல் ஒரு சட்டம் போட்டு, 2026 ஜூலை 1 முதல் அமல் என்று வைத்திருக்கிறார்கள்.

நடுவில் லெவல் 3 இருக்கிறது. மெர்சிடிஸின் 'டிரைவ் பைலட்' வசதிக்கு 2023-இல் நெவாடாவும் கலிபோர்னியாவும் அனுமதி கொடுத்தன. 40 மைல் வேகம் வரை, குறிப்பிட்ட ஃப்ரீவேக்களில் நீங்கள் ரோட்டைப் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் வண்டி கூப்பிட்டால் 10 நொடிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் 2024-இல் கொண்டுவந்த சட்டத்திலும், வண்டி தானே ஓடும்போது ஓட்டும் விதத்துக்கான வழக்குகளிலிருந்து டிரைவர் சீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கூப்பிட்டால் எடுத்துக்கொள்ளும் நிலையில் அவர் இருந்தாக வேண்டும். போதையில் இருப்பவரைக் கூப்பிட்டு என்ன பயன்? அதனால், கூப்பிட ஆள் வேண்டும் என்று இருக்கிற எந்த வண்டியிலும் குடித்துவிட்டு அந்தச் சீட்டில் உட்காராதீர்கள், அது எவ்வளவு விலை உயர்ந்த வண்டியாக இருந்தாலும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் மனைவிக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஃப்ரீவேதான் பயம் என்கிறீர்கள். "நீ ஸ்டியரிங் முன்னால் உட்கார், வண்டி ஓட்டட்டும்" என்று அவரை உட்காரவைக்கவும் வேண்டாம். பயத்தில் இருப்பவருக்கு, வண்டி ஓட்டுவதைவிட, தப்புச் செய்யலாம் என்று தெரிந்த ஒரு வண்டியைக் கண்காணிப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு 680 கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். பையனை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, தானியங்கியை அணைத்துவிட்டு, அவரை ஓட்டச் சொல்லுங்கள். மிஷன் பொலிவர்டில் ஏறி பிளசன்டனில் இறங்கித் திரும்பி வரட்டும். நான்கைந்து ஞாயிறு போதும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக், பிரேக்" என்று கத்தாமல் இருக்க வேண்டும். அதற்கு முன் அன்றைக்கு ராத்திரி நடந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.